கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு எர்த் குழி

உரிம அலுவலகத்திலிருந்து என் சித்திக்கு வந்த அறிவிப்பு ஒரே ஒரு பக்கம். அதை அவர் வாசலில் நின்றபடியே படித்தார். உள்ளே வந்து, பாதி பிரித்துப் போட்டிருந்த மிக்சி மோட்டாரின் பக்கத்தில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எடுத்துப் படித்தார். இரண்டாம் முறை படித்து முடித்தபோது அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் வயரிங் செய்த ஒரு வீட்டில், மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏறுவது அடிக்கடி நின்றுபோகிறது. வயரிங்கில் மின்கசிவு இருப்பதாகச் சார்ஜர் நிறுவனத்தின் பணியாளர் தெரிவித்துள்ளார். வீட்டுக்காரர் புகார் கொடுத்துள்ளார். பதினைந்து நாட்களுக்குள் உரிய ஆவணங்களோடு விளக்கம் தர வேண்டும். அதுவரை உரிமத்தின் புதுப்பிப்பு நிறுத்திவைக்கப்படுகிறது. இவ்வளவுதான் செய்தி. சித்தியின் உரிமம் அந்த மாதக் கடைசியோடு முடிவதாக இருந்தது. உரிமம் இல்லாத மின்பணியாளர் ஒரு சாக்கெட்டைக்கூடச் சட்டப்படி மாற்ற முடியாது.

"ஆவணமாம் ஆவணம்!" என்றார். "இருபத்தேழு வருஷமா இந்த ஊர்ல ஒரு வீட்டுல, ஒரே ஒரு வீட்டுல, நான் போட்ட லைன்ல யாருக்காவது ஷாக் அடிச்சிருக்கா? கேட்டுப் பாரு!"

கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எங்கள் தெருவில் அவருக்கு 'ஷாக்கக்கா' என்று பெயர். அவர் வயரிங் செய்த வீட்டில் சுவர் ஷாக் அடிக்காது, அவர்தான் அடிப்பார் என்பது அதற்கான விளக்கம். ஒரே சாக்கெட்டில் மூன்று பிளக்குகளைச் சொருகியிருப்பவர்களை அவர் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டுவார். மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனையை உடைத்துவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் சொருகியிருந்த ஒருவரோடு இன்றுவரை அவர் பேசுவதில்லை. அவர் என் தாய்மாமா.

இந்தக் கோபத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு. பத்தொன்பதாம் வயதில் மோட்டார் சுற்றும் பட்டறை ஒன்றில் சித்தி வேலைக்குச் சேர்ந்தார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி இருந்தால் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று முதலாளி சோதனை மேசையின் எர்த் கம்பியை வெட்டிவிட்டிருந்தார். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு மாலை சித்தி ஒரு மோட்டாரின் உடலைத் தொட்டார். பிழைத்துக்கொண்டார். வலது கட்டைவிரலில் மட்டும் அன்றைக்குப் போன உணர்ச்சி திரும்பவில்லை. இன்றும் தேநீர்க் குவளையின் சூட்டை இடக்கையால் தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பார்.

அதன்பின் அவர் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார். எந்த வீட்டின் வேலை முடிந்தாலும், கடைசியாக எர்த்தின் தடையை அளப்பார்; அது எத்தனை குறைவோ அத்தனை நல்லது. மெயின் பெட்டிக் கதவின் உட்புறத்தில் அந்த அளவையும் தேதியையும் எஃகு ஊசியால் கீறி வைப்பார். காகிதத்தில் எழுதுவதே இல்லை. "பேப்பரை எலி தின்னும். பெட்டியை எது தின்னும்?" என்பார். நான் அவரிடம் வேலை பழக வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பதிவேடு தொடங்கித் தர எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். அட்டை போட்ட நோட்டு ஒன்று இரண்டு ஆண்டுகளாக ஃப்யூஸ் கம்பிச் சுருளுக்கு அடியில் காலியாகக் கிடக்கிறது.

எனவே, அலுவலகம் கேட்ட ஆவணம் என்று ஒன்று இருக்குமானால், அது புகார் கொடுத்தவரின் வீட்டுச் சுவரில்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போனோம். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய மனைவி முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு பள்ளியில் ஆசிரியை. கார் அவருக்காக வாங்கியது. வாங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பழைய கார் என்பதால் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும்; ஒரு நாள் ஏறாவிட்டால் மறுநாள் டீச்சர் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

வீடு முழுக்கப் புது பெயிண்டின் பளபளப்பு. சித்தி வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே மெயின் பெட்டிக்குப் போய்க் கதவைத் திறந்தார். உட்புறம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இதுக்கும் பெயிண்ட் அடிச்சீங்களா?"

"கார் வருதுன்னு வீட்டையே பளிச்சுனு பண்ணிட்டோம்க்கா. நல்லா இருக்கா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

சித்தி கதவை இரண்டு விரலால் தடவினார், மூடினார். பக்கவாட்டுச் சந்துக்கு நடந்தார். கிழக்குச் சுவரோரம், ஓர் அடிக்கு ஓர் அடி இரும்பு மூடி போட்ட எர்த் குழி இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறச் சிமெண்ட் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் கார் நின்றது.

"குழி எங்க?"

"எந்தக் குழி?"

"எந்தக் குழியா? நான் ஆறடி தோண்டி, பைப்பு இறக்கி, கரி கொட்டி, உப்பு கொட்டி வச்சேனே, அந்தக் குழி! கோடைக்குக் கோடை ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்தக் குழி!"

"ஓ, அதுவா? கார் நிறுத்த மேடு பள்ளமா இருக்குன்னு மேஸ்திரி சமப்படுத்திட்டார். கீழதான இருக்கு, எங்க ஓடிப்போயிடும்?"

"ஊருக்கெல்லாம் பார்வை டெஸ்ட் பண்றீங்க சார். வாசல்ல ஒரு குழி காணாமப் போனது மட்டும் உங்க கண்ணுல படல."

டீச்சர் உள்ளே சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இருமினார்.

கண்ணாடிக் கடைக்காரர் முகம் இறுகிப்போனது. எர்த்தில் குறை இல்லை என்பதற்குத் தன்னிடம் அத்தாட்சி இருக்கிறது என்றார். சார்ஜர் நிறுவனத்தின் ஆள், நீலச் சட்டை போட்டவர், மீட்டர் வைத்துச் சோதித்துப் படமே எடுத்துக் கொடுத்திருக்கிறார். மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே பூஜ்ஜியம் வோல்ட். காரோடு சார்ஜரை மாட்டிய முதல் நாள் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுத்தது உண்மைதான். நீலச் சட்டை வந்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். அதன்பின் சில நாட்களில் மட்டும் மெயின் பெட்டியின் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து லைனை அறுக்கும் சுவிட்ச் அது. விழுகிறது என்றால் வயரிங் கசிகிறது என்றுதானே பொருள்? வாரண்டி செல்ல வேண்டுமானால் அப்படித்தான் புகார் எழுத வேண்டும் என்று நீலச் சட்டையே வாசகம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அந்த சுவிட்சையே எடுத்துட்டு நேரா கட்டிடலாம், தொல்லை விட்டதுன்னும் சொன்னார். வர்ற வாரம் வர்றார்."

சித்தி தன் மீட்டரை எடுத்தார். சாக்கெட் பழுப்பு நிறப் பெட்டிக்குள் இருந்தது. அதன் திருகுகளின்மேல் நிறுவனத்தின் சீல் ஒட்டப்பட்டிருந்தது. சார்ஜரை மாட்டிக் காரில் சார்ஜ் ஏறும்போதே, துளைகளுக்குப் பக்கத்திலிருந்த சோதனை முனைகளில் வைத்து அளந்தார். நான் குறித்துக்கொண்டேன். பூஜ்ஜியம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. பூஜ்ஜியம். புள்ளிக்குப் பின்னாலும் பூஜ்ஜியம்.

"பாத்தீங்களா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"பாத்தேன். அதான் வயித்தெரிச்சலா இருக்கு." சித்தியின் குரல் தாழ்ந்தது, அது உரத்த குரலைவிட மோசமான அறிகுறி. "இவ்வளவு லோடு ஓடுறப்ப ஒண்ணு, ரெண்டு வோல்ட்டாவது காட்டணும் சார். எந்த ஒழுங்கான வீட்டுலயும் காட்டும். துளிகூடக் காட்டலைன்னா உள்ள யாரோ ரெண்டையும் பிடிச்சு ஒண்ணாக் கட்டியிருக்கான். இந்தப் பெட்டியத் திறக்கணும்."

"சீல் உடைஞ்சா வாரண்டி போயிடும். தொடாதீங்க."

"உங்க வீட்டம்மா தினமும் தொடுற காருங்க இது!"

"நோட்டீஸ் வந்த கோவத்துல பேசறீங்க. ஆபீஸ்ல வந்து பேசிக்கலாம்."

அவர் சாக்கெட்டுக்கு முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்தி திருப்புளியைப் பையில் போட்ட வேகத்தில் பையின் அடித்தையல் விட்டுப்போனது.

கிளம்பும்போது டீச்சர் எங்களைச் சமையலறைப் பக்கம் அழைத்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காட்டினார். பஸ்ஸில் போன நாட்களில் எல்லாம் பெருக்கல் குறி போட்டிருந்தார். நான்கு மாதங்களில் பத்தொன்பது குறிகள்.

"பெரும்பாலும் திங்கட்கிழமைதான். வண்டிக்கும் என் பசங்க மாதிரி திங்கட்கிழமைன்னா பள்ளிக்கூடம் போகப் பிடிக்கல போல" என்றார்.

எண்ணினேன். பதினான்கு திங்கட்கிழமைகள். சித்தி அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை வண்டிய என்ன பண்ணுவீங்க?"

"காலையில இவர் ஹோஸ் வச்சுக் கழுவுவார். ஒரு மணி நேரம் கழுவுவார். என்னைக்கூட அப்படிக் கவனிச்சதில்ல."

"கழுவிட்டு?"

"அங்கேயே சார்ஜ் போடுவோம். திங்கக்கிழமை காலையில பாத்தா ஏறியிருக்காது."

"மத்த அஞ்சு நாள்?"

டீச்சர் சற்று யோசித்தார். அந்த ஐந்தும் மழைக்கு மறுநாட்கள். தெருவில் தேங்கிய தண்ணீரை மிதித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்ததை அவர் மறந்திருக்கவில்லை.

மண் நனைந்தால் சுவிட்ச் விழுகிறது. மண் காய்ந்தால் விழுவதில்லை. வீடு திரும்பும் வழியில் சித்தி இதை எனக்கு விளக்கினார் என்று சொல்வது சரியாகாது. சாலையைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார். குழியில் எர்த் அறுந்திருக்கிறது. அதனால்தான் முதல் நாள் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டியது. அது உண்மையைச் சொன்னது. நீலச் சட்டை குழியைத் தேடாமல், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சார்ஜரை ஏமாற்றியிருக்கிறார். காய்ந்த மண்ணில் அந்த ஏமாற்று வெளியே தெரியாது. மண் நனைந்ததும், நியூட்ரல் வழியே திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அறுந்த முனையிலிருந்து மண் வழியே ஓடுகிறது. ட்ரிப் சுவிட்ச் அதைக் கண்டுபிடித்து விழுகிறது.

"அந்த வீட்டுல பொய் சொல்லாத ஒரே ஆளு அந்த சுவிட்சு. அதையும் பிடுங்கப் போறானாம்! பிடுங்கின பிறகு தெருவுல நியூட்ரல் அறுந்துச்சுன்னா காரு, ஃபிரிட்ஜு, இஸ்திரிப் பெட்டி, இரும்பா இருக்கிற அத்தனையிலயும் கரண்ட்டு ஏறி நிக்கும். கதவைத் தொட்டா ஆள் காலி. அப்பவும் ஷாக்கக்கா போட்ட வயரிங்னுதான் எழுதுவான்!"

நான் அன்றே நாள்காட்டியின் விவரங்களையும் மீட்டர் அளவுகளையும் மூன்று பக்கத்தில் எழுதி, நேரடிக் கள ஆய்வு வேண்டும் என்று அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஆய்வு முடியும்வரை ட்ரிப் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதைச் சித்தி தனி வரியாகச் சேர்க்கச் சொன்னார். அந்த வரியின் கீழ் அவரே பேனாவால் கோடு போட்டார், காகிதம் கிழிந்தது. மறுபடியும் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் ஆய்வாளர் வந்தார். ஓய்வுக்கு நெருங்கிய வயது. பெரிய பழைய டார்ச் ஒன்று கையில். "ம்" என்பதைத் தவிர அதிகம் பேசாதவர். ட்ரிப் சுவிட்சைத் தொட வேண்டாம் என்று அலுவலகம் சொல்லியிருந்ததால் அதுவரை வராத நீலச் சட்டையும் வந்திருந்தார். இளைஞர், நல்ல ஷூ போட்டிருந்தார்.

"ஆன்ட்டி, பழைய வயரிங்னா அப்படித்தான் ஆன்ட்டி. இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல" என்று தொடங்கினார்.

"நான் உனக்கு ஆன்ட்டியும் இல்ல, நீ எனக்கு அக்கா பையனும் இல்ல. வாய மூடிட்டு நில்லு."

ஆய்வாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அம்மா, வேலை முடிச்சப்ப எர்த் நல்லா இருந்ததுக்கு உங்ககிட்ட ரெக்கார்டு என்ன இருக்கு?"

"பெட்டிக் கதவுல கீறி வச்சிருந்தேன் சார். பெயிண்ட் அடிச்சுட்டாங்க."

"அப்ப இல்லன்னு எழுதிக்கவா?"

சித்தி கதவின் பக்கம் திரும்பினார். அவர் வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இருபத்தேழு ஆண்டு வேலை ஒரு கோட் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டதைப் போலக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கேட்காமலே ஆய்வாளரின் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கினார். கதவின் விளிம்போடு அதைச் சாய்த்து, ஒளி தகட்டின்மேல் படுக்கையாக ஓடும்படி பிடித்தார்.

வெள்ளைப் பெயிண்டில் நிழல்கள் எழுந்தன. அவர் எதையும் மெதுவாக எழுதத் தெரியாதவர். ஊசி தகட்டில் ஆழமாக இறங்கியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதி. அதன் கீழே, எர்த் 1.2 ஓம்.

ஆய்வாளர் குனிந்து படித்தார். "ம்" என்றார். கைப்பேசியில் படம் எடுத்தார். பின்பு சாக்கெட்டைத் திறக்கச் சொன்னார்.

"சீலை உடைச்சா வாரண்டி போயிடும் சார்" என்றார் நீலச் சட்டை.

"போகட்டும். ஆள் போகாம இருந்தா போதும்."

மெயினை நிறுத்திவிட்டுச் சித்தி நான்கு திருகுகளைக் கழற்றினார். உள்ளே, விரல் நீளத்திற்கு ஒரு கறுப்புக் கம்பி, நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து அழகாக வளைந்திருந்தது. சித்தி அதைத் தொடாமல் விலகி நின்று, அனைவரும் பார்க்க வழிவிட்டார்.

கற்களைப் பெயர்க்கும் வேலையைக் கண்ணாடிக் கடைக்காரரே செய்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சித்தி கடப்பாரையை அவர் பக்கம் நீட்டியதே போதுமானதாக இருந்தது. ஒன்றரை அடி ஆழத்தில் பைப்பின் தலை தெரிந்தது. மேஸ்திரியின் கடப்பாரை பட்டு எர்த் கம்பி துண்டாகியிருந்தது. பச்சை பிடித்த அதன் முனை, பைப்புக்கு ஒரு சாண் தள்ளி மண்ணுக்குள் சும்மா கிடந்தது. காருக்காகப் போட்ட தரைதான் காருக்குச் சார்ஜ் ஏறாமல் செய்திருந்தது.

"எல்லாரும் இப்படித்தாங்க பண்றோம்" என்றார் நீலச் சட்டை. குரலில் இப்போது 'ஆன்ட்டி' இல்லை. "கஸ்டமர் அன்னைக்கே சார்ஜ் ஏறணும்பாங்க. குழியெல்லாம் தேடிட்டு இருக்க முடியாது."

"எத்தனை வீடு?" என்றார் சித்தி.

"என்ன?"

"எத்தனை வீட்டுல இப்படிக் கட்டி வச்சே?"

அவர் ஷூவைப் பார்த்தார். "இது போக பதினாலு இருக்கும்."

"அதுல எத்தனை வீட்டுல ட்ரிப் சுவிட்சை எடுத்தே?"

"நாலு."

சித்தி கையை ஓங்கவில்லை. உணர்ச்சியற்ற கட்டைவிரலை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அவரிடமிருந்து இரண்டடி பின்னால் போய் நின்றார். அருகில் நின்றால் அடித்துவிடுவோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரர் மண் கையோடு வந்தார். "அக்கா, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். இதோட விட்டுடுங்க."

"வாபஸ் வாங்கினா ஃபைல்ல என்ன இருக்கும்? புகார் வந்துச்சு, ஏதோ பேசி முடிச்சுட்டாங்கன்னு இருக்கும். அந்தக் கறையோட எனக்கு உரிமம் வேணாம். விசாரிச்சோம், வயரிங்ல தப்பு இல்லன்னு சார் எழுதட்டும். யார் கட்டினாங்க, எதுக்குக் கட்டினாங்கன்னும் எழுதட்டும்."

ஆய்வாளர் காரின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். நீலச் சட்டை கைப்பேசியைப் பார்த்துப் பதினான்கு வீடுகளின் முகவரியைச் சொல்ல, நான் இரண்டு படிகள் எடுத்தேன். ஒன்றை ஆய்வாளர் வாங்கிக்கொண்டார். நிறுவனத்துக்கு அறிவிப்பு போகும், அதற்கு நடைமுறை இருக்கிறது, ஒரு மாதம் ஆகலாம் என்றார்.

"ஒரு மாசம் கரண்ட்டு காத்துக்கிட்டு இருக்குமா சார்?"

"ம்" என்றார் அவர். அந்த 'ம்' அன்றைய மற்றவற்றைப் போல இல்லை.

அவர் எழுதிய முடிவின் பேரில் உரிமம் புதுப்பிக்கப்பட்டு, மாதம் முடிய இரண்டு நாட்கள் இருக்கும்போது தபாலில் வந்தது. வந்த அன்றே கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சித்தி புதுக் கம்பி இழுத்து, குழிக்கு மூடி போட்டு, தண்ணீர் ஊற்றி அளந்தார். பழைய எழுத்தின் கீழே, பெயிண்டைக் கிழித்துக்கொண்டு, புதுத் தேதியையும் 1.4 ஓம் என்ற அளவையும் கீறினார். இன்னொரு வரியும் கீறினார்: 'குழியை மூடாதே'. கண்ணாடிக் கடைக்காரர் நின்று பார்த்தார். புது பெயிண்ட் என்று சொல்லவில்லை. டீச்சர் நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் 'குழிக்குத் தண்ணீர்' என்று எழுதி வைத்திருக்கிறார்.

உரிமத்தை நான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றேன். சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தையல் போட்டு எடுத்த கருவிப் பையின் வெளிப்புறத்தில் வைத்துக்கொண்டார். கூப்பிடாத வீட்டுக் கதவை ஒரு மின்பணியாளர் தட்டினால் யாரும் உள்ளே விடுவதில்லை. காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். சுவிட்ச் எடுக்கப்பட்ட அந்த நான்கு வீடுகளை முதல் இரண்டு நாட்களில் முடித்தார். மற்ற பத்தில், இன்றுவரை ஐந்து முடிந்திருக்கின்றன. மூன்று வீடுகளில் ஆள் இல்லை. இரண்டு வீட்டார், எங்கள் கார் நன்றாகத்தான் சார்ஜ் ஏறுகிறது, போய்விட்டு வாருங்கள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

இந்தக் கணக்கை நான் அந்தக் காலி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நேற்று சித்தி அதைப் பிடுங்கிப் பார்த்தார். கதவைச் சாத்திய இரண்டு முகவரிகளுக்கும் அடியில் காகிதம் கிழியும்படி கோடு போட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வண்டி கழுவ எப்படியும் வெளிய வருவாங்க. காலையில ஆறு மணிக்கெல்லாம் ரெடியா இரு" என்றார்.